உறைய வைத்த கழுதை விந்து: எந்த ஆன்டிஆக்ஸிடன்ட் சேர்ப்பது?

வணக்கம். தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் ஒரு பண்ணையில் கழுதை விந்தை உறைய வைக்கிறோம். எடுத்த உடனே நுண்ணோக்கியில் பார்த்தால் விந்தணுக்கள் அலையலையாக ஓடுகின்றன. உருக்கியதும் பாதிக்கு மேல் அசையாமல் கிடக்கின்றன. மிச்சமும் சீக்கிரமே ஓய்ந்துவிடுகிறது. குளிர்காலத் தொடக்கத்திலிருந்து இதே நிலைதான்.

விந்துடன் முட்டை மஞ்சள் கருவும், உறைதலிலிருந்து காக்க 5% கிளிசராலும் கலந்து, 0.5 மி.லி. ஸ்ட்ராவில் (மெல்லிய குழாய்) அடைத்து, திரவ நைட்ரஜனில் உறைய வைக்கிறோம். 37 டிகிரி நீரில் 30 விநாடி உருக்குகிறோம்.

கிளிசராலைக் குறைத்தோம், மெதுவாகக் குளிர்வித்தோம், வேறு ஆண் கழுதையிடமும் எடுத்தோம். பயனில்லை. மையவிலக்கில் சுற்றி விந்துநீரை நீக்கும்போது அதிலுள்ள இயற்கையான ஆன்டிஆக்ஸிடன்டும் (ஆக்சிஜனால் வரும் சிதைவைத் தடுக்கும் பொருள்) போய்விடுகிறது; விந்தணுவின் சவ்வுக் கொழுப்பு சிதைவது அதனால்தான் என்று நினைக்கிறேன். வைட்டமின் ஈ கலந்தால் கரையாமல் எண்ணெயாக மேலே மிதக்கிறது.

ஆன்டிஆக்ஸிடன்டாக குளுட்டாதயோன் அல்லது மெலடோனின் பயன்படுத்தியவர்கள், எவ்வளவு, எந்தக் கட்டத்தில் சேர்த்தீர்கள்?