புதுப்பிப்பு: மக்ரோனி சார்டின் பேக், நடுவில் தண்ணீர் நிற்காமல் இருக்க

போன வாரம் 250 கிராம் மக்ரோனி, ஒரு டின் சார்டின், வெள்ளை சாஸ் வைத்து அவனில் (oven) சுட்டெடுக்கும் பேக் (bake) முறையை எழுதியிருந்தேன். பினாங்கில் செய்து பார்த்த அக்காமார் சிலர் ஒரே குறையைச் சொன்னார்கள்: மேலே கருகுகிறது, நடுவில் தண்ணீர் நிற்கிறது. இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

தண்ணீர் விடுவது காய்கறியும் டின் சாறும்தான். உறைந்த காய்கறிக் கலவையை அப்படியே கொட்டாதீர்கள். வாணலியில் ஈரம் வற்றும்வரை வதக்குங்கள். சார்டினின் தக்காளிச் சாற்றை வெங்காயம், மிளகாய்த்தூளோடு சுண்ட வையுங்கள். வெள்ளை சாஸுக்குப் பால் 800 மில்லி என்று எழுதியிருந்தேன், அது அதிகம். 50 கிராம் வெண்ணெய்க்கும் 50 கிராம் மைதாவுக்கும் 600 மில்லி போதும். சாஸ் கொதி வந்தபின் இன்னும் 2 நிமிடம் கிண்டுங்கள். அப்போதுதான் மாவு முழுதாக வெந்து கெட்டிப்படும். இதில் மட்டும் அவசரமே கூடாது. கரண்டியின் பின்புறம் படிந்த சாஸில் விரலால் கோடு போட்டால், கோடு அப்படியே நிற்க வேண்டும். மக்ரோனியைப் பொட்டலத்தில் சொன்ன நேரத்துக்கு 3 நிமிடம் முன்பே வடித்துவிடுங்கள். மீதியை சாஸிலேயே வெந்துகொள்ளும்.

கருகுவதற்குக் காரணம், சின்ன மேசை அவனில் மேல் சூட்டுக் கம்பி பாத்திரத்துக்கு ரொம்பப் பக்கம். கீழ்த் தட்டில் வைத்து, அலுமினியத் தாளால் மூடி 180 டிகிரியில் 25 நிமிடம். பிறகு தாளை எடுத்து, சீஸ் தூவி 10 நிமிடம். வெட்டுவதற்கு முன் 15 நிமிடம் ஆறட்டும், துண்டு சரியாது.

மீந்ததை நம்ம ஊர் வெக்கையில் மேசையிலேயே விடாதீர்கள்; ஒரு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் போகட்டும்.