கிரிகரி பெக்: ஒரே மூஞ்சியா, ஆகாப்புக்கு வயசு பத்தலையா?

பழைய ரீல்:
மேட்னி ஷோ நேத்து எழுதினதைப் படிச்சதிலேருந்து எனக்குக் காபி இறங்கல. "ஹாலிவுட் நடிகர் கிரிகரி பெக் ஒரே மூஞ்சியை வச்சே காலத்தை ஓட்டினவர், கோர்ட்ல நின்னாலும் கப்பல்ல நின்னாலும் அதே வக்கீல்தான்"னு போட்டிருக்கார். ஐயா, ரெண்டாவது படத்துக்கே ஆஸ்கர் பரிந்துரை வாங்கின மனுஷன். மொத்தம் 5 பரிந்துரை. 1962ல வக்கீல் அட்டிகஸா நடிச்ச 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' வந்து அதுக்கு விருதும் வாங்கிட்டார். 'டூயல் இன் த சன்' (1946) பார்த்தீங்களா? பொம்பளையைச் சீரழிக்கிற பொறுக்கி வேஷம். 'பாய்ஸ் ஃப்ரம் பிரேசில்' (1978) படத்துல நாஜி டாக்டர் மெங்கலே. 'ட்வெல்வ் ஓ'கிளாக் ஹை'ல (1949) விமானத்துல ஏறக் கையைத் தூக்கிப் பிடிப்பார், உடம்பு மேல போகாது. திரும்பத் திரும்ப முயற்சி பண்ணுவார், முடியாது. ஒரு தளபதி அப்படியே உடைஞ்சு போறதை ஒரு கையை வச்சே காட்டினவர். இதுதான் ஒரே மூஞ்சியா?

மேட்னி ஷோ:
நான் எழுதினது மூணு பாரா, நீங்க பிடிச்சுக்கிட்டது ஒரு வரி. என் கேள்வி 'மோபி டிக்' (1956) பத்தி. நாவல்ல, வெள்ளைத் திமிங்கிலத்தைப் பழிவாங்கத் துரத்துற கப்பல் கேப்டன் ஆகாப்புக்கு 58 வயசு. அந்த வேஷம் போட்ட பெக்குக்கு 40. அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

பழைய ரீல்:
58னு நாவல்ல எந்த இடத்துல இருக்கு? புத்தகத்தைத் தொட்டுப் பார்த்திருக்கீங்களா?

மேட்னி ஷோ:
கப்பல்ல தனக்கு அடுத்த அதிகாரி ஸ்டார்பக்கிட்ட ஆகாப் புலம்புற இடம். பதினெட்டு வயசுல முதல் திமிங்கிலத்தைக் குத்தினேன், நாப்பது வருஷம் ஆச்சுங்கிறான். 18ம் 40ம் எவ்வளவு? சிலேட்டு வேணுமா?

பழைய ரீல்:
அது புலம்பல் சார், பிறப்புச் சான்றிதழ் இல்ல. எங்க பெரியப்பா "அறுபது வருஷமா இந்த வீட்ல குப்பை கொட்டறேன்"பார். வீடு கட்டி நாப்பது வருஷம்தான் ஆச்சு. அப்புறம் இன்னொரு திருத்தம். பெக்குக்கு 40 இல்ல. படப்பிடிப்பு தொடங்கினது 1954, அப்ப அவருக்கு 38.

மூணாவது ரோ:
அண்ணே, 38னா உங்க கட்சி இன்னும் மோசமாகுதே?

பழைய ரீல்:
தகவல் பிழை எங்க இருந்தாலும் திருத்துவேன் தம்பி. எந்தப் பக்கம் சாயுதுன்னு பார்க்க மாட்டேன். அந்தப் பழக்கம் இங்க சில பேருக்குக் கிடையாது.

கருப்பு வெள்ளை கண்ணம்மா:
வயசை விடுங்க. வேஷப் பொருத்தம்னு பார்த்தா 'த பாரடைன் கேஸ்' (1947) அதை விடப் பெரிய கூத்து. லண்டன் கோர்ட், லண்டன் வக்கீல், பேச்சு மட்டும் அமெரிக்கா. டைரக்டர் ஹிட்ச்காக் மனசுல இருந்தது இங்கிலாந்து நடிகர்கள் ஆலிவியரும் ரொனால்ட் கோல்மனும். தயாரிப்பாளர் செல்ஸ்னிக் தன் ஒப்பந்தத்துல இருந்த பெக்கைத் தலையில கட்டிட்டார். 'மோபி டிக்'லயும் அதே கதைதான். டைரக்டர் ஜான் ஹூஸ்டன் முதல்ல தன் அப்பா வால்டர் ஹூஸ்டனைத்தான் ஆகாப்பா நினைச்சிருந்தார். அப்பா 1950ல போய்ச் சேர்ந்துட்டார். ஸ்டார் இல்லாம ஸ்டுடியோ பணம் தராது. ஆக, தப்பு நடிகரோடதா, முதலாளியோடதா?

மேட்னி ஷோ:
மேடம், கட்டாயப்படுத்தி ஒட்டினாலும் தாடி தாடிதான். அந்த வேஷத்துல அவரைப் பார்த்தா லிங்கன் கப்பலேறின மாதிரி இருக்கு. 1982ல டிவி தொடர்ல நிஜமாவே லிங்கனா நடிச்சார். தாடியைப் பத்திரமா எடுத்து வச்சிருந்திருப்பார் போல.

பழைய ரீல்:
சிரிப்பு வரல. கடைசிக் காட்சியைச் சொல்லுங்க பார்ப்போம். வெள்ளைத் திமிங்கிலத்தோட முதுகுல கயிறு சுத்திச் செத்துக் கிடக்கிறார். அது புரளப் புரள அவர் கை மட்டும் ஆடுது, வாங்கடான்னு கூப்பிடற மாதிரி. படகுல இருக்கிறவன் எல்லாம் அதைப் பார்த்துட்டுத்தான் திரும்பவும் பாயறான். அந்தக் கையைப் பார்த்து உங்களுக்கு வக்கீல்தான் ஞாபகம் வந்தாரா?

மேட்னி ஷோ:
பிணமா நடிச்சது நல்லா இருந்துச்சுங்கிறீங்க. ஒத்துக்கறேன்.
அதுவும் நாவல்ல கிடையாது. அங்க திமிங்கிலத்தோட கட்டுண்டு கிடக்கிறது ஆகாப்போட ஆள் பெடல்லா. ஆகாப் கழுத்துல கயிறு மாட்டி ஒரே நொடியில போயிடுவான். படிச்சவங்களுக்குத் தெரியும்.

பழைய ரீல்:
திரைக்கதை ரே பிராட்பரியும் ஹூஸ்டனும். மாத்தினது அவங்க. பெக் மேல ஏன் பழி? போன மாசம் கேரி கூப்பருக்கு இதே இடத்துல நீங்க கோயில் கட்டினது எனக்கு மறக்கல. உங்க கூப்பர் 'ஹை நூன்' (1952) படத்துக்கு ஆஸ்கர் வாங்கினாரே, அது முதல்ல பெக்கிட்ட வந்த வேஷம். தான் நடிச்ச 'த கன்ஃபைட்டர்' (1950) மாதிரியே இருக்குன்னு வேண்டாம்னார். ஒரே மாதிரி வேஷம் வேண்டாம்னு ஆஸ்கரையே கைவிட்டவரைப் பார்த்து ஒரே மூஞ்சிங்கிறீங்க.

மேட்னி ஷோ:
கூப்பரை ஏன் இழுக்கறீங்க? ரெண்டு பெக் உள்ள போயிருக்கா?

பழைய ரீல்:
இந்த ஜோக்குக்காகத்தான் நேத்திலேருந்து காத்திருந்தீங்கன்னு தெரியும்.

மூணாவது ரோ:
'மெக்கன்னாஸ் கோல்டு' (1969) பத்தி ஒருத்தரும் பேசலையே. அமெரிக்காவுல ஊத்திக்கிச்சு, நம்ம நாட்டுல ஓடு ஓடுன்னு ஓடுச்சு. எங்க மாமா இன்னும் அந்தப் பள்ளத்தாக்கு இடிஞ்சு விழறதைக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார். படத்துல பெக் இருந்தாரான்னு கேட்டா மட்டும் யோசிப்பார்.

பழைய ரீல்:
மாமாவுக்குத் தங்கம் மட்டும்தான் கண்ணுல பட்டிருக்கும். ஊர்க்காவல் அதிகாரி மார்சல் வேஷத்துல வர்றதே பெக்தான் தம்பி.

மூணாவது ரோ:
மாமாவை எதுக்குச் சார் இழுக்கறீங்க? மார்ஷல்தானே சரி?

பழைய ரீல்:
நான் தமிழ்ல எழுதறேன். ஷ போடணும்னு சட்டம் இல்ல.

கருப்பு வெள்ளை கண்ணம்மா:
நல்லா நடிச்ச இடத்தைப் பேசலாமே. மாக்கிங்பேர்ட்ல வில்லன் பாப் ஈவெல் பெக் மூஞ்சியில துப்புவான். பெக் ஒரு அடி முன்னால வருவார், அடிக்கப் போறார்னு தோணும். கைக்குட்டையை எடுத்துத் துடைச்சுக்கிட்டுக் காருக்குப் போயிடுவார். அந்த இறுக்கத்தைத்தான் நீங்க ஒரே மூஞ்சிங்கிறீங்க மேட்னி சார். அட்டிகஸுக்கு அதுவே சொத்து. எழுத்தாளர் பிட்ஸ்ஜெரால்டா நடிச்ச 'பிலவட் இன்ஃபிடல்'ல (1959) அதே இறுக்கம் அவரைக் கவுத்துடுச்சு. ரெண்டும் ஒரே ஆள்தான்.

மேட்னி ஷோ:
பாருங்க, மேடமே ஒரே ஆள்ங்கிறாங்க.

கருப்பு வெள்ளை கண்ணம்மா:
நான் சொன்னது அது இல்லைங்க.

பழைய ரீல்:
மேடம், நீங்க யார் கட்சி? பிட்ஸ்ஜெரால்ட் படத்தை இப்ப யார் கேட்டாங்க? பேச்சு ஆகாப் பத்தி. வயசுக்குத் தக்கபடிதான் வேஷம் போடணும்னா உலகத்துல எவனும் ஷேக்ஸ்பியரோட கிழட்டு ராஜா கிங் லியர் போட முடியாது. எம்பது வயசுக்காரன் மேடையில மகள் கார்டீலியாவைத் தூக்கிட்டு வருவானா?

மேட்னி ஷோ:
அந்த வேஷத்துக்குத் தனக்கு வயசு பத்தலைன்னு பெக்கே பின்னாடி ஒத்துக்கிட்டார். 1998ல திரும்ப 'மோபி டிக்' எடுத்தப்ப, 1956ல ஆர்சன் வெல்ஸ் பண்ணின பாதிரியார் மேப்பிள் வேஷத்தை வாங்கிக்கிட்டு ஒழுங்கா நடிச்சு கோல்டன் குளோப் விருது வாங்கினார். அவருக்கே புரிஞ்சது உங்களுக்குப் புரியல.

பழைய ரீல்:
அது தன்னடக்கம். பெரிய மனுஷங்க அப்படித்தான் பேசுவாங்க. 'ரோமன் ஹாலிடே' டைட்டில்ல புதுப்பொண்ணு ஆட்ரி ஹெப்பர்ன் பேரைத் தன் பேருக்குச் சமமாப் போடுங்கன்னு சொன்னவர் அவர். தன்னடக்கத்தை வாக்குமூலமா எடுத்துக்கிட்டா நான் என்ன பண்றது?

மேட்னி ஷோ:
சரி, வாக்குமூலம் வேண்டாம். 58லேருந்து 40ஐக் கழிங்க.

பழைய ரீல்:
40 இல்லைன்னு எத்தனை தடவை சொல்றது? பிறந்தது 1916 ஏப்ரல் 5. கேமரா ஓட ஆரம்பிச்சது 1954 ஜூலை. 38. கழிக்கிறதுன்னா ஒழுங்காக் கழிங்க.

மூணாவது ரோ:
20 வருதுண்ணே.