மாணவியரின் தொழில் முனைவு நாட்டம்: வினாநிரல் அமைப்பதில் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். மதுரைப் பகுதிக் கல்லூரிகளில் இறுதியாண்டு பயிலும் மாணவியரிடம் சொந்தத் தொழில் தொடங்கும் நாட்டம் எவற்றால் உருவாகிறது என்பதை முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்து வருகிறேன். ஒருவர் ஒன்றைச் செய்ய நாடுவதை மூன்று காரணிகள் வடிவமைக்கின்றன என்று சமூக உளவியலாளர் ஐசெக் அய்சன் 1991-இல் விரித்துரைத்த திட்டமிட்ட நடத்தைக் கோட்பாட்டைப் பின்பற்றி, தொழில் மீதான மனப்பான்மை, நெருங்கியவர்களின் எதிர்பார்ப்பு, தன்னால் முடியும் என்ற நம்பிக்கை ஆகிய மூன்றையும் 7 புள்ளி அளவுகோலில் கேட்கிறேன்.

முன்னோட்டத்தின்போது, ஆரி வேலைப்பாடு செய்த ரவிக்கைகளை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வழியாக விற்று, நூலுக்கும் கல்லுக்கும் ஆன செலவைப் பாடநோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவரும் மாணவி ஒருவர், ‘தொழில் தொடங்குவேன்’ என்ற கூற்றுக்கு 1 (சற்றும் உடன்படவில்லை) என்று குறித்தார். காரணம் கேட்டதற்கு, “இது தொழில் இல்லை மேடம், கைச்செலவுக்குத்தான், கல்யாணத்துக்கு அப்புறம் எந்த ஊரோ” என்றார். நெருங்கியவர்களின் எதிர்பார்ப்பு பல ஆய்வுகளில் வலுவற்ற காரணியாகவே வந்திருக்கிறது. பெற்றோரையும் நண்பர்களையும் பற்றிக் கேட்கும் வினாநிரல், இன்னும் அமையாத புகுந்த வீட்டைப் பற்றிக் கேட்காததும் அதற்கு ஒரு காரணமோ என்று ஐயுறுகிறேன்.

திருமணத்துக்குப் பிந்தைய இடமாற்றம் குறித்த கூற்றுகளைத் தமிழில் பயன்படுத்தியவர்கள் பகிர்ந்து உதவ வேண்டுகிறேன். அதைத் தனிக் காரணியாக வைப்பதா, ‘தன்னால் முடியும்’ என்ற நம்பிக்கைக்குள் அடக்குவதா என்பதைப் புள்ளியியல் அறிந்தவர்கள் தெளிவுபடுத்தினால் நன்றியுடையவளாவேன். ‘தொழில்’ என்பதற்கு மாணவியர் தயங்காமல் ஏற்கும் மாற்றுச்சொல் இருந்தாலும் தெரிவியுங்கள்.