நேர்கோட்டு முடுக்கியில் சீரமைப்புப் பிழைகள்: திருத்திய பின் எமிட்டன்ஸ் ஏன் நம்ப முடியாத அளவுக்குக் குறைகிறது?

புதுக்கற்றை (கேள்வி)

வணக்கம். ஐ.எல்.சி. எனப்படும் சர்வதேச நேர்கோட்டு மோதுவிக்கு 2013இல் வெளியான தொழில்நுட்ப வடிவமைப்பு அறிக்கையை ஒட்டி, அதன் முதன்மை முடுக்கியைப் போன்ற ஓர் அமைப்பை என் ஆய்வேட்டுக்காக எலிகன்ட் நிரலில் எழுதியிருக்கிறேன். எலக்ட்ரான் கற்றை 15 கிகா எலக்ட்ரான்வோல்ட்டில் நுழைந்து 250இல் வெளியேறுகிறது. நுழைவில் செங்குத்துத் திசையின் இயல்பாக்கிய எமிட்டன்ஸ் (கற்றையின் அகலமும் கோணப் பரவலும் சேர்ந்த அளவு) 20 நானோமீட்டர்.

கற்றையைக் குவிக்கும் நான்முனைக் காந்தங்களுக்கும் முடுக்கும் கேவிட்டிகளுக்கும் 300 மைக்ரோமீட்டர் இடவிலகலும், கேவிட்டிகளுக்குக் கூடுதலாக 300 மைக்ரோரேடியன் சாய்வும், காஸ் பரவலில் மூன்று சிக்மாவோடு (திட்ட விலக்கத்தோடு) வெட்டிக் கொடுத்தேன். திருத்தம் ஏதும் செய்யாதபோது எமிட்டன்ஸ் கட்டுக்கடங்காமல் பெருகுகிறது; அது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஒவ்வொரு காந்தத்தின் அருகிலும் உள்ள கற்றை நிலை அளவி, அதாவது பி.பி.எம்., சுழியம் காட்டும்படி அங்குள்ள திருத்துகாந்தத்தைச் சரிசெய்தவுடன் பெருக்கம் சில நானோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. "இவ்வளவு எளிது என்றால் டிஸ்பர்ஷன் (ஆற்றலுக்கு ஏற்பத் துகள்களின் பாதை விலகுவது) நீக்கும் முறைக்காக மற்றவர்கள் ஏன் அவ்வளவு பாடுபட்டார்கள்?" என்று என் வழிகாட்டி கேட்கிறார், எனக்குப் பதில் தெரியவில்லை. தவிர, 20 சீடுகளுக்கு, அதாவது தற்போக்கு எண் தொடக்கங்களுக்கு, ஓட்டிச் சராசரி எடுக்கிறேன். வேறு 20 சீடுகளை எடுத்தால் சராசரி வெகுவாக மாறிவிடுகிறது. எங்கே தவறுகிறேன்?

கற்றைவழி

உங்கள் வழிகாட்டி கேட்டது சரியான கேள்வி. காந்தத்தை நகர்த்தினீர்கள், பி.பி.எம்.மை நகர்த்தினீர்களா? எழுதியிருப்பதைப் பார்த்தால் இல்லை என்றே தோன்றுகிறது. அப்படியானால் உங்கள் பி.பி.எம்.கள் எல்லாம் வரைபடத்தில் உள்ள இலட்சியக் கோட்டிலேயே நிற்கின்றன, அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று கற்றைக்குத் துல்லியமாகச் சொல்லியும் விடுகின்றன. உண்மையான சுரங்கத்தில் அந்தக் கோட்டை அறிந்தவர் எவரும் இல்லை.

இதைச் சற்று நெருக்கமாகப் பார்க்கலாம். ஐ.எல்.சி.யில் நான்முனைக் காந்தங்களுக்கு இடையே சுமார் 38 மீட்டர் இடைவெளி உண்டு. செங்குத்துத் திசையில் ஒரு கூட்டுக்கு (இரு காந்தங்கள் கொண்ட அலகுக்கு) 60 பாகைக் கட்ட முன்னேற்றம் (கற்றை அலைவின் கட்டம் நகரும் அளவு) என்று கொண்டால், காந்தத்தின் குவியத் தொலைவும் ஏறக்குறைய 38 மீட்டரே. 300 மைக்ரோமீட்டர் விலகிய காந்தம் கற்றையை 300/38, அதாவது ஏறத்தாழ 8 மைக்ரோரேடியன் திருப்பும். இலட்சியக் கோட்டில் நிற்கும் பி.பி.எம். சுழியம் காட்ட வேண்டுமானால், அதே இடத்தில் உள்ள திருத்துகாந்தம் இதே 8 மைக்ரோரேடியனை எதிர்த்திசையில் தர வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் நிகழ்வதாலும், இரண்டுமே ஆற்றலுக்கு எதிர்விகிதத்தில் மாறுவதாலும், ஆற்றல் குறைந்த துகளுக்கும் மிகுந்த துகளுக்கும் அவை ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. டிஸ்பர்ஷன் எழ வழியே இல்லை. நீங்கள் காணும் சில நானோமீட்டர்கூடப் பெரும்பாலும் கேவிட்டிச் சாய்விலிருந்து வருவதாகவே இருக்கும்.

இப்போது பி.பி.எம்.மைக் காந்தத்தோடு பிணைத்துவிடுங்கள். காந்தம் எங்கே போகிறதோ அங்கே அதுவும் போகட்டும். வேறு பிழையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், பி.பி.எம். சுழியம் காட்டும்போது கற்றை ஒவ்வொரு காந்தத்தின் மையத்தையும் தொட்டுக்கொண்டு வளைந்து வளைந்து செல்லும். மையத்தில் செல்லும் கற்றையைக் காந்தம் திருப்பாது. திருப்பங்கள் அனைத்தையும் திருத்துகாந்தங்கள் மட்டுமே தருகின்றன, அவற்றை அழிக்க அங்கே எதிர்த் திருப்பம் கிடையாது. நுழைவில் கற்றையின் ஆற்றல் பரவல் ஒரு விழுக்காட்டளவு இருப்பதால், எமிட்டன்ஸ் முடுக்கியின் தொடக்கப் பகுதியிலேயே ஏறத் தொடங்கிவிடும். நீங்கள் செய்த இந்த ஒன்றுக்கு ஒன்று திருத்தும் முறை போதாது என்பதன் காரணம் இதுதான். இதற்கு மேல் பி.பி.எம்.மின் மின்மையத்துக்கும் காந்தமையத்துக்கும் இடையே தனியாக ஒரு 300 மைக்ரோமீட்டரையும், அளவீட்டு நுண்மையாக 1 மைக்ரோமீட்டரையும் சேர்த்தால்தான் உங்கள் மாதிரி உண்மைக்குப் பக்கத்தில் வரும்.

கேவிட்டிச் சாய்வைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 31.5 மெகாவோல்ட்/மீட்டர் புலத்தில் 1.036 மீட்டர் கேவிட்டி 300 மைக்ரோரேடியன் சாய்ந்திருந்தால் பக்கவாட்டு உதை சுமார் 9.8 கிலோ எலக்ட்ரான்வோல்ட் என்று கணக்கு வரும். ஆனால் கேவிட்டியின் இரு முனைகளிலும் உள்ள புலம் இதில் பாதியை ஈடுகட்டிவிடுகிறது. எலிகன்டின் சாதாரணக் கேவிட்டி உறுப்பில் முனைக்குவிப்பு நீங்கள் கேட்டால் ஒழிய இயங்காது; அதைக் கவனிக்காமல் விட்டு, இருமடங்கு உதையோடு வாரக்கணக்கில் ஓட்டியவன் நான்.

அளவைக்காரர்

மேலே சொன்னதை நில அளவைப் பக்கத்திலிருந்து தொடர்கிறேன். எல்லா உறுப்புகளுக்கும் தனித்தனியே தற்போக்கு எண் கொடுப்பது நிரலுக்கு வசதியானது. இரும்புக்கும் கான்கிரீட்டுக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. ஐ.எல்.சி.யில் 300 மைக்ரோமீட்டர் என்பது குளிர்கலத்தின் (கேவிட்டிகளை உள்ளடக்கிய குளிரூட்டிய கலத்தின்) அச்சைச் சார்ந்த எண். அந்தக் குளிர்கலமே 200 மைக்ரோமீட்டர் விலகி, 20 மைக்ரோரேடியன் சாய்ந்து நிற்கலாம். எனவே முதலில் கலத்தை நகர்த்துங்கள், பிறகு அதனுள் இருப்பவற்றை நகர்த்துங்கள். கலம் சாய்ந்தால் அதிலுள்ள கேவிட்டிகள் அனைத்தும் ஒரே பக்கம் சாயும், அவற்றின் உதைகளும் நேராகக் கூடும். தனித்தனிச் சாய்வுகளோ ஒரு காந்தத்திலிருந்து அடுத்த காந்தம் வரையுள்ள 26 கேவிட்டிகளுக்கும் சேர்த்து வர்க்கமூல விகிதத்தில், அதாவது ஐந்து மடங்கு மட்டுமே சேரும்.

இந்த அடுக்கு முறைக்குப் பழைய சான்று ஸ்டான்ஃபோர்டின் 3 கிலோமீட்டர் முடுக்கி. 1966இல் இயங்கத் தொடங்கிய அதில் முடுக்குக் குழல்கள் சுமார் 12 மீட்டர் நீளத் தாங்கிகளின் மேல் அமர்ந்திருந்தன. தாங்கி என்பது ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள அலுமினியக் குழாய். அதனுள் வெற்றிடமாக்கி லேசர் ஒளியைச் செலுத்தி, ஒவ்வொரு தாங்கியிலும் உள்ள ஃப்ரெனல் வில்லையை ஒவ்வொன்றாக ஒளிவழியில் இறக்கித் தாங்கியின் இடத்தை அளந்தார்கள். ஆக, லேசர் சொல்வது தாங்கியைப் பற்றி மட்டுமே. அதன்மேல் உள்ள குழல் எப்படி அமர்ந்திருக்கிறது என்பது வேறு பிழை, வேறு எண். இரண்டையும் ஒரே சிக்மாவில் கலந்துவிட்டால், எந்த வேலைக்கு எவ்வளவு துல்லியம் தேவை என்று கேட்கும் பொறியாளருக்கு உங்கள் சிமுலேஷனால் எதுவுமே சொல்ல முடியாது.

இன்னொன்று: ஐ.எல்.சி.யின் முதன்மை முடுக்கி நேர்கோடே அன்று, புவியின் வளைவைப் பின்பற்றுகிறது. 11 கிலோமீட்டருக்கு அந்த வளைவின் உயரம் சுமார் 2.4 மீட்டர். உங்கள் மாதிரி நேராக இருந்தால் அதை ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

சீடுஎண்

சராசரி தடுமாறுவதற்கு உங்கள் தவறு காரணமில்லை. எமிட்டன்ஸ் பெருக்கம் பிழைகளின் வர்க்கத்தில் வளர்வதால் அதன் பரவல் காஸ் வடிவில் இருக்காது. வலப்பக்கம் நீண்ட வால் உண்டு. கடைசியில் எஞ்சும் அலைவு ஒரு சைன் பகுதி, ஒரு கோசைன் பகுதி என இரண்டால் மட்டும் ஆனதாகக் கொண்டால், பரவல் அடுக்குக்குறி வடிவத்தை நெருங்கும். அப்போது நடுநிலை மதிப்பு சராசரியில் 0.7 மடங்கு, பத்தில் ஒன்பது இயந்திரங்கள் அடங்கும் எல்லையோ சராசரியைப் போல் 2.3 மடங்கு. அதோடு, திட்ட விலக்கமும் சராசரிக்குச் சமம் என்பதால் 20 சீடுகளில் சராசரியின் நிச்சயமின்மை 22 விழுக்காடு. குறைந்தது 100 ஓட்டி, 90 விழுக்காட்டு எல்லையைச் சொல்லுங்கள். செர்ன் ஆய்வகத்தின் கிளிக் என்ற நேர்கோட்டு மோதுவி வடிவமைப்பிலும் முடுக்கியின் எமிட்டன்ஸ் வரம்பை அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

நிரல் சரியா என்று பார்க்க எளிய வழி: எல்லாப் பிழைகளையும் அதே சீடில் பாதியாக்குங்கள். பெருக்கம் நான்கில் ஒன்றாகாவிட்டால் எங்கோ ஒரு பிழை அளவு மாறாமல் நிற்கிறது.

புதுக்கற்றை

மூவருக்கும் நன்றி. பி.பி.எம்.களைக் காந்தங்களோடு பிணைத்து, கல அடுக்கையும் சேர்த்து 100 சீடுகளுக்கு ஓட்டினேன். ஒன்றுக்கு ஒன்று திருத்தத்துக்குப் பின் பெருக்கம் பல நூறு நானோமீட்டருக்கு ஏறிவிட்டது. மோதுமிடத்தில் 35 நானோமீட்டர் என்ற இலக்கோடு ஒப்பிட்டால் வழிகாட்டியின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. டிஸ்பர்ஷன் நீக்கும் முறையை எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஆனால் ஆற்றல் வேறுபாட்டை உண்டாக்கக் கேவிட்டிப் புலத்தை 20 விழுக்காடு குறைத்துச் சோதனைக் கற்றையை அனுப்பினால், முதல் சில காந்தங்களில் மட்டும் திருத்தம் எடுபடவில்லை.

கற்றைவழி

எடுபடாது. புலத்தைக் குறைத்தாலும் முதல் காந்தத்தை அடையும்போது சோதனைக் கற்றையின் ஆற்றல் ஏறக்குறைய அதே 15தான். வேறுபாடு சேர்ந்த பின்னர்தானே அளக்க முடியும்? முடுக்கிக்கு முன்னால் உள்ள கற்றைச் சுருக்கியிலேயே ஆற்றலை மாற்றி அனுப்புங்கள்.

புவி வளைவைச் சேர்க்கும் நாளில் பி.பி.எம்.மின் அளவுகோல் பிழையையும் மறவாமல் சேருங்கள். வளைந்த முடுக்கியில் இலக்கு டிஸ்பர்ஷன் சுழியமன்று என்பதால், பி.பி.எம். ஐந்து விழுக்காடு கூட்டிக் காட்டினால் அந்த ஐந்து விழுக்காடு நேராகவே திருத்தத்துக்குள் புகுந்துவிடும். நேரான மாதிரியில் இந்தப் பிழை கண்ணிலேயே படாது.