சாதுவாக இருந்த டரான்டுலா திடீரென்று குணம் மாறிய அனுபவம் யாருக்காவது இருக்கிறதா?

கொழும்பில் டரான்டுலா, அதாவது மயிர் அடர்ந்த பெரிய சிலந்தி, வளர்ப்பவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான், வெளிநாட்டில் வளர்த்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள் இன்னும் கொஞ்சப் பேர். இரண்டு வகையினரும் இங்கே இருப்பதால் கேட்கிறேன். எந்த இனம், என்ன நடந்தது, பிறகு பழையபடி ஆனதா என்று எழுதுங்கள். "என்னுடையது என்னை அடையாளம் கண்டுகொள்ளும்" என்ற கதைகள் மட்டும் வேண்டாம், அதற்கு நாய் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் என்னுடையது. கனடாவில், ஸ்காபரோவில் இருந்த காலத்தில் சிலி ரோஸ் ஒன்று வைத்திருந்தேன், கிராமொஸ்டோலா பேரினம், பெண். புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஏற்றது என்று சொல்லிக் கடைகளில் விற்பார்களே, அதே இனம். நிலத்துக்குப் போட்டிருந்தது தும்புத்தூள், அந்தக் கட்டியின் உறையில் இலங்கையில் தயாரித்தது என்று அச்சடித்திருந்தது, குளிரில் நடுங்கிக்கொண்டு நம்மூர்த் தேங்காய்த் தும்பைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன். வருடக்கணக்கில் அது ஒரு மூலையில் அசையாமல் கிடக்கும், பெட்டியைத் துப்புரவாக்கினாலும் நகராது. அப்புறம் ஒரு நாள் தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்க இடுக்கியை உள்ளே விட்டதும் உடம்பைப் பின்னால் சாய்த்து, முன்னங்கால்களை உயரத் தூக்கி, பல்லை விரித்துக் காட்டியது. பல்லுக்குக் கீழே இருக்கும் செம்மயிர் முழுக்கத் தெரிந்தது. நான் கையை எடுப்பதற்குள் இடுக்கியைக் கடித்துவிட்டது, உலோகத்தில் பல் பட்டு டிக் என்று சத்தம் கேட்டது, நுனியில் தெளிவாக ஒரு சொட்டு நின்றது.

தோல் உரிக்கப் போகிறதோ என்று பார்த்தால், அதற்கு முன் கறுக்க வேண்டிய வயிறு கறுக்கவில்லை. பசி என்றால் போட்ட கிரிக்கெட் பூச்சியைத் தொடவில்லை. தும்புத்தூள் நன்றாகக் காய்ந்தே இருந்தது. அந்த மாரிகாலம் முழுக்க அப்படியே இருந்துவிட்டு, தோலும் உரிக்காமல், ஒன்றுமே நடக்காதது போல மறுபடியும் மூலையில் போய்க் கிடந்தது. பிறகுதான் தெரிந்தது, இந்த இனத்தில் இது பிரசித்தமான விஷயமாம், அங்கே வளர்ப்பவர்கள் சைக்கோ ரோஸி என்றே பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். மற்ற இனங்களில் அநேகமாக ஏதாவது ஒரு காரணம் அகப்படும், இதில் மட்டும் எனக்கு இன்றுவரை அகப்படவில்லை.

கொட்டாஞ்சேனை:

அண்ணா, என்னிடம் இருப்பது கேர்லி ஹெயர், மத்திய அமெரிக்க இனம். அவுஸ்திரேலியாவுக்குப் போன சிநேகிதி பெட்டியோடு தந்துவிட்டுப் போனாள். இடுக்கியில் கொடுக்கும் கரப்பொத்தானை ஓடி வந்து வாங்கித் தின்னும் பிள்ளை, திடீரென்று பூச்சியைக் கண்டால் காலால் தட்டிவிட்டு ஓடத் தொடங்கியது. மூடியைத் திறந்தாலே திரும்பி நின்று பின்னங்காலால் வயிற்றைத் தேய்த்து மயிரை உதறும். என் மணிக்கட்டில் பட்டு ஒரு கிழமை சொறிந்துகொண்டு திரிந்தேன். தண்ணீர்க் கிண்ணத்தை மண் அள்ளிப் போட்டு நிரப்பியது, ஒளிந்திருக்கும் சிரட்டையின் வாசலை வலையால் மூடியது. வயிற்றில் மயிர் உதிர்ந்த மொட்டை இடம் ஒன்று இருக்குமே, அது பழுப்பு நிறத்திலிருந்து கன்னங்கரேலென்று ஆனபோதுதான் எனக்கு விளங்கியது, தோல் உரிக்கப் போகிறது.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். காலையில் பார்த்தால் மல்லாந்து கிடக்கிறது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "செத்துப்போச்சு பிள்ளை, குப்பைக்காரன் வாறதுக்குள்ள எடுத்து வெளியில வை" என்றா. செத்த சிலந்தி காலை மடக்கிக் கவிழ்ந்துதான் கிடக்கும், மல்லாந்து கிடந்தால் அநேகமாகத் தோல் உரிக்கிறது என்று சொல்லி அம்மாவை அங்கிருந்து அனுப்பிவிட்டேன். மத்தியானம் பழைய தோல் ஒரு பக்கம், புதுச் சிலந்தி ஒரு பக்கம். பல் வெள்ளை வெளேரென்று இருந்தது, பிறகு சிவந்தது, பிறகு கறுத்தது. கறுக்கும் வரைக்கும் சாப்பாடு போடவில்லை, பல் இறுகாத நேரத்தில் உயிரோடு பூச்சி விட்டால் பூச்சிதான் சிலந்தியைக் கடிக்கும்.

ஆனால் குணம் முழுக்கத் திரும்பவில்லை. இப்போது இடுக்கிக்கு வருவதில்லை, பூச்சியைப் போட்டுவிட்டு வெளிச்சத்தை அணைத்தால்தான் தின்கிறது.

தொடங்கியவர்:

தங்கச்சி, மணிக்கட்டோடு போனது நல்ல காலம். 2009இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒருவர் பெட்டிக் கண்ணாடியில் இருந்த கறையைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார், பின்னால் ஏதோ அசைவது போல இருக்கத் திரும்பியதும் சிலந்தி உதறிய மயிர் முகத்தில் பட்டிருக்கிறது. கண் சிவப்பு மாறாமல் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கருவிழிக்குள் மெல்லிய மயிர்கள் குத்தி நின்றன, லான்செட் மருத்துவ இதழில் வந்த விஷயம் இது. அவர் வளர்த்ததும் சிலி ரோஸ்தான். பெட்டிக்குள் தலையை விட்டு வேலை செய்பவர்கள் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளவத்தை:

என்னுடையதும் சிலி ரோஸ்தான். இங்கே மெரைன் டிரைவுக்குக் கிட்ட இருக்கிறோம், ரயில் போகும்போது யன்னல் அதிரும், அதற்கு அது அசைவதே இல்லை. பக்கத்து வளவில் புதுத் தொடர்மாடிக்கு நிலத்தில் தூண் அடிக்கத் தொடங்கியதும் ஆள் மாறிவிட்டது. இவற்றுக்குக் கண் எட்டு இருந்தாலும் பார்வை மந்தம், உலகத்தைக் காலாலும் மயிராலும்தான் அறிகின்றன, அதனால் அதிர்வுதான் காரணம் என்று முடிவுகட்டிப் பெட்டியை மேசையிலிருந்து எடுத்து மெத்தைத் துண்டின் மேல் வைத்தேன். கொஞ்சம் அடங்கியது, முழுக்க இல்லை. கண்ணாடியில் ஏறித் தொங்கிக்கொண்டே நின்றது, கீழே ஒரு காலை வைத்துவிட்டு உடனே தூக்கும்.

அது மே மாதம், தென்மேல் பருவமழை பிடித்த நேரம், வீட்டுச் சுவரே ஈரம் கசியும். சிலியின் வறண்ட பக்கத்திலிருந்து வந்த இனம் நம்ம கடற்கரை ஈரத்தில் நனைந்த தும்பை மிதிக்குமா? முழுவதையும் அள்ளி வெயிலில் காயவைத்துப் போட்டு, பெட்டியின் இரண்டு பக்கமும் காற்றோட்டத்துக்குத் துளை போட்டு, கிண்ணத்தைச் சோடா மூடி அளவுக்குச் சின்னதாக்கினேன். இறங்கி வந்தது, இப்போது தூண் அடித்தாலும் காலைத் தூக்குவதோடு சரி. தண்ணீரை மேலிருந்து ஊற்றாதீர்கள், சொட்டு விழும் அதிர்வை இரை என்று நினைத்துப் பாயும், அதைக் கோபம் என்று எழுதுபவர்கள் நிறையப் பேர்.

தெஹிவளை:

நான் லண்டனில் மெக்சிகோ ரெட் நீ என்ற, கால் முட்டி சிவந்த இனம் ஒன்று வைத்திருந்தேன். சின்னதாக வாங்கி, ஆணா பெண்ணா என்று தெரியாமலே வளர்த்து, ஊரில் தங்கச்சி பெயரைத்தான் வைத்திருந்தேன் (அவளுக்கு இன்னும் சொல்லவில்லை). சாப்பாட்டு ராமன், தோண்டுவது, தின்பது, படுப்பது. ஒரு தோல் உரித்துவிட்டு வெளியே வந்தபோது வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கால்கள் இரண்டின் நுனியும் குத்துச்சண்டைக் கையுறை போட்டது போல உருண்டிருந்தன, முன்னங்கால்களில் உட்பக்கமாகக் கொக்கி. ஆண், வயதுக்கு வந்துவிட்டான். அன்றிலிருந்து இராப்பகலாக நடை. கண்ணாடியோரமாகச் சுற்றிச் சுற்றி வருவான், மூடியைத் தள்ளிப் பார்ப்பான், விந்து வைக்க ஒரு வலை பின்னிவிட்டு மறுபடியும் நடப்பான். சாப்பாடு முக்கால்வாசி நின்றுவிட்டது. முன்பு கையில் ஏறி நின்றவன் இப்போது விரல் பட்டதும் பாய்ந்து ஓடினான், கடிக்க வரவில்லை.

இது திரும்பி வராத மாற்றம், காத்திருந்து பலனில்லை. பெண் 20 வருடத்துக்கு மேலும் இருக்கும் இனத்தில் ஆண் கடைசித் தோலுக்குப் பிறகு பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடம்தான். அவன் தேடியது பெண்ணை, அதனால் பெண் வைத்திருந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். பெட்டியில் நடக்க விட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதை விட அது மேல் என்று இப்போதும் நினைக்கிறேன்.

கிராண்ட்பாஸ்:

எங்கள் ஊர் வீடு மாங்குளம் பக்கம். போன முறை போனபோது கிணற்றடிக் கொட்டிலில் பெரிய புலிமுகச் சிலந்தி ஒன்று, இரண்டு நாளும் ஒரே மரச்சட்டத்தில் அசையாமல் இருந்தது, நல்ல சாது போலத்தான் தெரிந்தது. பிடித்து வந்து வளர்க்கலாமா அண்ணாமார்?

தொடங்கியவர்:

வேண்டாம் தம்பி. அது சாது இல்லை, ஒளிந்திருக்கிறது. தொட்டால் கண் இமைப்பதற்குள் அடுத்த சட்டத்தில் நிற்கும், மூலையில் மாட்டினால் கடிக்கும். அமெரிக்கக் கண்டத்து இனங்களில் பெரும்பாலானவற்றுக்கு உதற மயிர் இருக்கிறது, நம்ம பக்கத்து இனங்களுக்கு அது இல்லை, பல்தான் ஆயுதம். கடித்தால் நாள்கணக்கில் தசைப்பிடிப்பு வரும், குறைந்து மறுபடியும் பிடிப்பதும் உண்டு.

இன்னொன்று, மாங்குளம் என்கிறாய். புலிமுகச் சிலந்திகளின் பேரினம் பொசிலோதீரியா, அதில் ராஜேயி என்ற இனம் அங்கேதான் முதலில் அகப்பட்டது, ஆஸ்பத்திரி வைத்தியர் விடுதியிலும் இருந்தது, காலை விரித்தால் 20 சென்டிமீட்டர். காட்டு மரப்பொந்து குறையக் குறையக் கட்டடத்துக்குள் வருகின்றன. 2019இல் இந்தப் பேரினம் முழுவதையும் சைட்டிஸ், அதாவது அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின், இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள், முன்மொழிந்ததில் இலங்கையும் உண்டு. அதை முடிவு செய்த மாநாடு கொழும்பில் நடக்க இருந்தது, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு ஜெனீவாவுக்கு மாற்றினார்கள். பிடித்து வந்து பெட்டியில் போட்டால் அதுவும் குணம் மாறும், அந்தக் காரணத்தைக் கேட்டு இங்கே யாரும் எழுதத் தேவையில்லை.

கிராண்ட்பாஸ்:

சரி அண்ணா, பிடிக்கவில்லை. ஆனால் அப்பா தும்புத்தடியோடு நிற்கிறார், நேற்றும் தொலைபேசியில் அதே கதைதான். வைத்தியர் விடுதி விஷயத்தைச் சொன்னேன், அப்படியானால் அது ஆஸ்பத்திரிக்கே போகட்டும் என்கிறார். அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று யாராவது சொல்லுங்கள்.