புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் ஆலயம்: பழைய கோயில் மூடிக்கிடந்தது ஏன்?

செந்தூல்வாசி எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். வரும் ஜூலையில் புனித அன்னாள் திருவிழாவுக்கு எங்கள் உறவினர்கள் ஒன்றுகூடும்போது கொடுப்பதற்காகச் சிறு குடும்ப மலர் ஒன்றைத் தயாரித்து வருகிறேன். என் தாத்தா மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் புக்கிட் மெர்தாஜாம் அருகே ஒரு தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டியவர். "அந்தக் கோயிலைக் கட்டியதே நம்மவர்கள்தாம்" என்று அத்தை உறுதியாகச் சொல்கிறார். ஆனால் 1956-இல் தாத்தாவின் திருமணம் அங்கே நடக்கவில்லை என்றும், பழைய கோயில் அப்போது பூட்டிக்கிடந்தது என்றும் அவரே சொல்கிறார். இவற்றில் எதை நம்பி அச்சிடுவது? மேலும், கொள்ளுத் தாத்தா இராயப்பரின் ஞானஸ்நானப் பதிவை ஒரு பங்கு (ஓர் ஆலயத்தைச் சார்ந்த கத்தோலிக்கச் சமூகம்) அலுவலகத்தில் கேட்டபோது, அப்படி ஒரு பெயரே ஏட்டில் இல்லை என்று பதில் வந்தது.

ஓய்வாசிரியர், மெர்தாஜாம்:
தம்பி, அத்தை சொல்வதை அப்படியே அச்சிட முடியாது. முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. இந்தப் பங்கின் தொடக்கக்காலத்தில் பெரும்பான்மையாக இருந்தவர்கள் மலையடிவாரத்தில் பயிர் செய்து வாழ்ந்த ஹக்கா சீனர்கள். பினாங்குத் தீவில் 1786-லேயே ஆயர் கார்னோவுடன் கெடாவிலிருந்து வந்த யூரேசியக் கத்தோலிக்கர் குடியேறிவிட்டார்கள். 1808-இல் காலேஜ் ஜெனரல் குருமடமும் அங்கு வந்து சேர்ந்தது. தீவிலிருந்த, பாரிஸ் மிஷன் என்னும் பிரெஞ்சு மறைப்பணிச் சபையின் குருக்கள் கடல் கடந்து வந்து பெருநிலத்து விசுவாசிகளைச் சந்தித்ததன் தொடர்ச்சியாகவே 1846-இல் முதல் சிற்றாலயம் எழுந்தது. இப்போது பழைய கோயில் என்று நாம் சொல்லும் கட்டடம் 1888-ஐச் சேர்ந்தது.

தமிழர்கள், புக்கிட் மெர்தாஜாம் அடங்கிய பெருநிலப் பகுதியான செபராங் பிறைக்கு வந்தது முதலில் கரும்புத் தோட்டங்களுக்காக. ரப்பர் அதற்குப் பிந்தியது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர்களில் கத்தோலிக்கரும் இருந்தார்கள். புதுச்சேரி மறைப்பணியை 1776 முதல் ஏற்றிருந்ததும் இதே பாரிஸ் மிஷன் சபை என்பதால், ஊரில் பார்த்த அதே அங்கிக்காரர்களை அவர்கள் இங்கும் கண்டிருப்பார்கள். தமிழர்களே தொடங்கிவைத்த ஊர்ப் பங்கைத் தேடுவீர்களானால், பேராக்கில் பாகான் செராய்க்குப் போங்கள். 1880களில் அங்கே சூசைப்பாளையம் என்னும் தமிழ்க் கத்தோலிக்கக் குடியிருப்பை உருவாக்கிய ரெனே ஃபே அடிகளார்தாம் பின்னாளில் மலாக்கா ஆயரானார்.

இன்னொன்று, கேள்விக்குச் சற்று வெளியே: அன்னாள் கோயில் வளாகத்தில் உள்ள செரோக் தோக்குன் கல்வெட்டைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். 1845-இல் ஜேம்ஸ் லோ கண்டறிந்த அந்தப் பாறையில் இருப்பது பல்லவ எழுத்து. மெழுகுதிரி ஏந்திச் செல்லும் நம்மவர்களில் பலர் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

பட்டர்வொர்த் மேரி:
பூட்டிக்கிடந்தது உண்மைதான் ஐயா. 1948 முதல் 1960 வரை மலாயாவில் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க அறிவிக்கப்பட்ட அவசரகாலம். கோயிலோ மலைக்காட்டை ஒட்டி நிற்கிறது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசியும் செய்தியும் போய்ச் சேராமல் தடுப்பதற்காக அரசு அப்பகுதியைக் கறுப்புப் பகுதி (கிளர்ச்சியாளர் நடமாட்டத்தால் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்ட இடம்) என்று அறிவித்தது. 1950-இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்படி நாடு முழுவதும் ஏறத்தாழ 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனக் குடியானவர்கள், முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டதை நினைத்துப் பாருங்கள். சுற்றி வாழ்ந்த சனம் இல்லாமல் போனால் பங்கு எப்படி நடக்கும்? ஊருக்கு அருகே 1950களில் வேறு கோயில் எழுப்பப்பட்டது. உங்கள் தாத்தாவின் திருமணம் அதனால்தான் பழைய கோயிலில் நடந்திருக்காது. பழைய கோயில் மீண்டும் திறக்கப்பட்டது பல ஆண்டுகளுக்குப் பின். சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களின் பாணிக் கூரையுடன் இன்று நாம் திருப்பலி காணும் பெரிய ஆலயம் 2002-இல் வந்தது. 2019-இல் அதற்குச் சிறு பசிலிக்கா என்னும், முக்கிய ஆலயங்களுக்குத் திருச்சபை வழங்கும் தகுதி கிடைத்தது.

ஏடு தேடுபவன்:
இராயப்பர் அகப்படாததற்குக் காரணம் எளிது. அந்தக் காலத்து ஞானஸ்நான ஏடுகளைக் குருக்கள் இலத்தீனில் எழுதினார்கள். இராயப்பர் அங்கே பேத்ருஸ், சின்னப்பர் பவுலுஸ், அருளப்பர் யொவான்னெஸ், யாகப்பர் யாக்கோபுஸ், சூசை யொசேபுஸ். தகப்பன் பெயரோ பிரெஞ்சுக்காரர் காதில் விழுந்தபடி எழுதப்பட்டிருக்கும். ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு ஓர் எழுத்தும் தம்பிக்கு வேறோர் எழுத்தும் வந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே பெயரை மட்டும் கொடுக்காமல், பிறந்த ஆண்டை ஒட்டிய ஐந்தாறு ஆண்டுகளைக் குறித்து, தாயின் பெயரையும் சேர்த்துக் கேளுங்கள். ஞானப்பெற்றோர் பெயர்களையும் படியெடுத்துத் தரச் சொல்லுங்கள். அவர்கள் பெரும்பாலும் அதே தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகள்) சேர்ந்தவர்களாக இருப்பார்கள். பினாங்கு மறைமாவட்டம் 1955-இல்தான் தனியாகப் பிரிந்தது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்திய கடிதங்களில் மலாக்கா மறைமாவட்டம் என்றே இருக்கும்.

செந்தூல்வாசி எழுதியது:
மூவருக்கும் நன்றி. பேத்ருஸ் என்று தேடித் தருமாறு இன்று மீண்டும் எழுதிவிட்டேன். ஹக்கா சீனர்களைப் பற்றி அத்தையிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "யாரு கட்டினா என்ன, திருநாளுக்கு வெள்ளையடிச்சது எங்கப்பாதான்" என்றார். மலரில் அதைத்தான் போடப்போகிறேன்.