குன்னூரில்தான் வீடு, லீவில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

குன்னூர்_புதுசு

எல்லோருக்கும் வணக்கம். போன ஜூலையில்தான் கணவரின் வேலை மாற்றலில் திருப்பூரை விட்டு குன்னூர் வந்தோம். பையனுக்குப் பத்து வயது, பெண்ணுக்கு ஆறு. இது இங்கே எங்களுக்கு முதல் கோடை லீவு. சொந்தக்காரர்கள் யார் போன் செய்தாலும் "உனக்கென்னம்மா, ஊட்டியிலேயே இருக்கே" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். இருக்கிறேன் சரி, ஆனால் வீட்டை விட்டு வெளியே கால் வைக்க முடியவில்லையே!

போன ஞாயிற்றுக்கிழமை சிம்ஸ் பூங்கா போகலாம் என்று பதினோரு மணிக்குக் கிளம்பினோம். பஸ் ஸ்டாண்டிலிருந்து பக்கம்தான், ஆனால் வண்டிகள் நகரவே இல்லை, இறங்கி நடந்து போனால் டிக்கெட் கவுண்டரில் திருவிழாக் கூட்டம், சின்னவள் அழுகை, பெரியவனின் ஒரு பக்கச் செருப்பு எங்கேயோ போய்விட்டது, உள்ளே போன அரை மணியில் மழை. ஒரு செருப்போடு அவனை நடத்திக் கூட்டி வந்ததைப் பார்த்துப் பஜாரே சிரித்தது.

வீட்டில் இருந்தாலோ மதியம் இரண்டு மணிக்கு மேல் தினமும் மழை, கரண்ட் போகும், இரண்டும் அடித்துக்கொள்ளும், துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. இதற்குள் மூன்று பேட்ச் விருந்தாளிகள் வந்து போயாச்சு. ஒரு குடும்பம் இ-பாஸ் எடுக்காமலே கிளம்பி வந்து கல்லாறு செக்போஸ்டில் நின்றுகொண்டு எனக்குப் போன் போட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் எல்லாம் அங்கேயே பறிபோனது வேறு கதை.

இங்கே ஒரு இடத்தில் சம்மர் கிளாஸ் விசாரித்தேன். பதினைந்து நாள் ஓவியமும் கராத்தேயும், ஒரு பிள்ளைக்கு ஆறாயிரமாம். இரண்டு பேருக்குக் கட்டினால் அடுத்த மாதம் நோட்டுப் புத்தகம் வாங்க முடியாது. சும்மா வெளியில் விளையாட விடலாம் என்றால் வீட்டுக்குப் பின்னால் தேயிலைக்குள் காட்டெருமை நிற்கிறது, ராத்திரி கரடி வரும் என்கிறார் பக்கத்து வீட்டு அம்மா.

மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் லீவில் பிள்ளைகளை எப்படி வைத்துக்கொள்கிறீர்கள்? தயவுசெய்து தொட்டபெட்டா, படகு இல்லம் என்று பட்டியல் போடாதீர்கள், அது என் நாத்தனாரிடமே இருக்கிறது.

கரூர்_வெயில்

இங்கே 40 டிகிரியில் வெந்துகொண்டிருக்கிறோம், உங்களுக்குத் துணி காயவில்லையா. நன்றாக இருங்கள். (எங்கள் வீட்டில் போன மாதமே ஊட்டிக்கு இ-பாஸ் எடுத்தாச்சு, மன்னித்துவிடுங்கள்.)

கோத்தகிரிக்காரன்

சகோதரி, ஞாயிறு பதினோரு மணிக்கு சிம்ஸ் பூங்கா போனீர்களா? மே மாதத்தில் உள்ளூர்க்காரன் எவனும் அதைச் செய்ய மாட்டான். கோர்ட் உத்தரவில் இ-பாஸ் வந்தது 2024 மே மாதம், 2025 சீசனில் ஒரு நாளைக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000 என்று அளவும் வைத்தார்கள். அந்த எட்டாயிரமும் ஏறுவதற்கு எத்தனை ரோடு இருக்கிறது, சொல்லுங்கள். சீசனில் மேலே ஏறுகிற வண்டியைக் குன்னூர் வழியாகவும் இறங்குகிற வண்டியைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவார்கள், அதனால் காலையில் உங்கள் ஊர் அடைக்கும், சாயங்காலம் எங்கள் ஊர் அடைக்கும். இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. காலையில் நீங்கள் இங்கே வாருங்கள், நாங்கள் சாயங்காலம் அங்கே வருகிறோம்.

பூங்காவுக்கு செவ்வாய், புதன் மாதிரி நாளில் திறந்தவுடனே போய் ஒன்பதரைக்குள் திரும்பிவிட வேண்டும். அங்கே ருத்திராட்ச மரம் இருக்கிறது, காட்டிக் கொடுங்கள். கொட்டைக்கு மேலே நீலமாகச் சதை இருக்கும் என்பதே பல பேருக்குத் தெரியாது. பழக் கண்காட்சி நடக்கும் நாளில் அந்தப் பக்கமே தலைவைக்காதீர்கள். ஊட்டி மலர்க் கண்காட்சியும் அப்படித்தான், முடிந்த பிறகும் தொட்டிகள் சில நாள் அங்கேதான் இருக்கும், பூவுக்கு என்ன, கண்காட்சி முடிந்தது என்று வாடிவிடுமா.

காட்டெருமை விஷயம். அது தன் பாட்டுக்கு மேயும், ஆனால் கிட்டே போய் போட்டோ எடுப்பது, கல் விட்டெறிவது, கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் போவது, இந்த மூன்றும் கூடாது என்று பிள்ளைகளுக்கு மண்டையில் ஏற்றிவிடுங்கள். தலையைத் தாழ்த்தி மூச்சு விட்டதென்றால் வந்த வழியே மெதுவாகத் திரும்பி வர வேண்டியதுதான். கரடி நிஜமாகவே வரும். எண்ணெய் வாசனைக்குக் கோயிலுக்குள்ளேயே போகும், பழ மரம் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆறு மணிக்கு மேல் பிள்ளைகளை வாசலில் விடாதீர்கள், மிச்சச் சோற்றை வெளியே கொட்டாதீர்கள். மற்றபடி பகலில் பயப்பட ஒன்றும் இல்லை, நாங்கள் வளரவில்லையா.

லவ்டேல்_தாத்தா

அம்மா, உங்களுக்கு ஊட்டியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிவரும் நீராவி வண்டி காலை பத்தரை வாக்கில் குன்னூர் வரும். மழையில் மண் சரிந்து தண்டவாளத்தில் கல் விழுந்திருந்தால் வராது, கேட்டுக்கொண்டு போங்கள்.

என் பேரன் சென்னையிலிருந்து வந்தவன், முதல் நாளே "தாத்தா, இன்ஜின் ஏன் பின்னாடி நிக்குது, டிரைவர் தூங்கிட்டாரா" என்று கேட்டான். மலை ஏறும்போது இன்ஜின் பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டுதான் வரும், நடுவில் கொக்கி அறுந்தாலும் பெட்டி கீழே உருண்டு ஓடிவிடக் கூடாது பாருங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த பட்டை ஓடும், இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். 12 அடி போனால் ஓர் அடி ஏற்றம், சாதா ரயில் வழுக்கி நின்றுவிடும். ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால் கொடியோடு ஒருவர் நின்று பிரேக்கைப் பார்த்துக்கொள்வார், பிள்ளைகள் கை காட்டினால் அவரும் காட்டுவார். குன்னூர் வரை பாதை வந்தது 1899இல், ஊட்டிக்கு 1908இல். பாதை முழுக்க 46 கிலோமீட்டரில் 208 வளைவு, 16 குகை, 250 பாலம். என் பேரனுக்கு வாய்ப்பாடு வராது, இந்த எண்கள் மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்.

குன்னூரில் நீராவி இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசலை மாட்டுவார்கள். அந்த ஒன்றைப் பார்க்கவே ஒரு காலைப்பொழுது சரியாகப் போகும். ஏறிப் போக ஆசைப்பட்டால், வார நாளில் வரிசையில் நின்று முன்பதிவில்லாத டிக்கெட் எடுத்து, வெலிங்டன், அரவங்காடு தாண்டி கேத்தியில் இறங்கிவிடுங்கள். கூட்டமெல்லாம் ஊட்டிக்குப் போகட்டும். பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே கட்டிப் போன இட்லியைச் சாப்பிட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பி வாருங்கள்.

ஓரேக்கர்_தேயிலை

எனக்கு இந்தக் கேள்வியே கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது, தப்பாக நினைக்க வேண்டாம் அக்கா. பிள்ளைகளை ஏன் தினமும் எங்கேயாவது கூட்டிப் போக வேண்டும்? எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது, கோடை மழை இரண்டு பெய்ததும் கொழுந்து பொங்கிக்கொண்டு வரும், லீவு வேறு அப்போதுதான் வருகிறது, பிள்ளைகளை மடியில் வைத்துக் கொஞ்ச எங்கே நேரம். காலையில் கஞ்சியைக் குடித்துவிட்டு என் பின்னாலேயே வருவார்கள். வேலை வாங்குவதில்லை. பெரியவள் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளப் பழகிவிட்டாள், சின்னவன் முற்றிய இலையைப் பறித்துப் பைக்குள் போட்டு என்னிடம் திட்டு வாங்குவான். அப்புறம் இரண்டும் ஓடைப் பக்கம் தவிட்டுப்பழம் தேடிப் போய்விடும். திரும்பி வரும்போது வாய் ஊதா, கை ஊதா, சட்டை ஊதா, அந்தக் கறை போகவே போகாது, அதனால் லீவுக்கென்று தனியாக இரண்டு பழைய சட்டை.

இரண்டு விஷயம் மட்டும் சொல்லிக் கொடுங்கள். காஞ்சொறியைத் தூரத்திலிருந்தே அடையாளம் தெரிய வேண்டும், பட்டால் ராத்திரி வரை எரியும். மழை பிடித்த பிறகு சோலைக்குள் போனால் அட்டை ஏறும், பிடித்து இழுக்காமல் கொஞ்சம் உப்பு வைத்தால் தானே விழுந்துவிடும். தொப்பியும் போட்டு அனுப்புங்கள். குளிர்கிறதே என்று நினைப்போம், ஆனால் மேட்டில் வெயில் சுரீரென்று தோலைப் பிடிக்கும், கன்னம் கருத்துத் தோல் உரியும்.

மதிய மழைக்கு எங்கள் வீட்டில் பல்லாங்குழி. சோழி எல்லாம் தொலைந்துபோய்விட்டது, பிளம்ஸ் கொட்டையைக் கழுவிக் காயவைத்து வைத்திருக்கிறோம். பதினாலு குழி, குழிக்கு ஐந்து போட்டால் 70 கொட்டை. இப்போது பிளம்ஸ் சீசன்தானே, மார்க்கெட்டில் கொட்டிக் கிடக்கும். கரண்ட் போனால் இன்னும் நல்லது, டிவி கேட்க மாட்டார்கள். "போர் அடிக்குது" என்று சொன்னால் நான் காதிலேயே வாங்குவதில்லை, அரை மணி கழித்து அவர்களே ஏதாவது கண்டுபிடிப்பார்கள்.

வெலிங்டன்_அப்பா

விருந்தாளி கொண்டுவந்த சிப்ஸ் பாக்கெட்டைப் பார்த்தீர்களா? மேட்டுப்பாளையத்தில் தட்டையாக இருந்தது இங்கே பலூன் மாதிரி உப்பிக்கொண்டு நிற்கும். என் மகன் அது கெட்டுப்போய்விட்டது என்று குப்பையில் போட்டுவிட்டான், அதிலிருந்து ஆரம்பித்ததுதான் எங்கள் வீட்டு லீவு ஆராய்ச்சி. காற்றழுத்தம் மேலே குறைவு, உள்ளே இருக்கும் காற்று விரிகிறது, அவ்வளவுதான். இதையே தலைகீழாகச் செய்யலாம். தீர்ந்துபோன ஷாம்பு பாட்டிலை இங்கே இறுக்கி மூடிக் கீழே போகும் பஸ்ஸில் பிள்ளை கையில் கொடுங்கள். கொண்டை ஊசி வளைவு ஒன்றொன்றாக எண்ணிக்கொண்டே வரட்டும், மேட்டுப்பாளையம் போய்ச் சேரும்போது பாட்டில் ஒடுங்கியிருக்கும். எண்ணுகிற மும்முரத்தில் வாந்தியும் மறந்துபோகும் (எங்கள் வீட்டில் மறந்தது, உங்களுக்கு உத்தரவாதம் இல்லை, எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள்).

இன்னொன்று. சமையலுக்கான தெர்மாமீட்டர் இருந்தால் கொதிக்கிற தண்ணீரில் வைத்துப் பாருங்கள், நீங்கள் பக்கத்தில் நின்று. 1,850 மீட்டரில் 94 டிகிரியைச் சுற்றியே நின்றுவிடும், நூறுக்குப் போகவே போகாது. திருப்பூரில் வேகிற நேரத்தில் இங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு ஏன் வேகவில்லை என்று வந்த புதிதில் நீங்களும் குழம்பியிருப்பீர்களே?

கொடை_மகள்

உங்கள் மலை இல்லை, கொடைக்கானலிலிருந்து வருகிறேன். நிலைமை அதேதான், மே வந்தால் ஏரி ரோட்டில் நடக்கவே இடம் கிடையாது. அதனால் சைக்கிளை விடியற்காலை ஆறு மணிக்கே எடுத்துவிடுவோம், ஐந்து கிலோமீட்டர் சுற்று, பனிமூட்டத்தில் எதிரில் குதிரைக்காரர்கள் மட்டும் வருவார்கள். ஏழரைக்கு முதல் ஹாரன் சத்தம் கேட்கும்போது நாங்கள் வீட்டில் இருப்போம்.

விருந்தாளிகளுக்கு என் மகள்தான் கைடு. சூரிய ஆய்வகத்துக்குக் கூட்டிப் போய், 1899இல் ஆரம்பித்தது, சூரியப் புள்ளியில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை எவர்ஷெட் 1909இல் இங்கேதான் கண்டுபிடித்தார் என்று அவள் சொல்ல, என் மைத்துனர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். பெரியவர்கள் கேட்கிறார்கள் என்றால் பிள்ளைக்கு அலுப்பே வருவதில்லை. உங்கள் பெரியவனுக்கு அந்த ரயில் கதையைக் கொடுத்துப் பாருங்கள். அடுத்த பேட்ச் விருந்தாளியை அவனோடு அனுப்பிவிட்டு நீங்கள் ஒரு மணி நேரம் படுக்கலாம்.

இவள் பிறந்தது 2018இல், மலையெல்லாம் குறிஞ்சி பூத்த வருடம். அடுத்தது 2030இல் பூக்கும், எனக்கும் பன்னிரண்டு அதுக்கும் பன்னிரண்டு என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

குன்னூர்_புதுசு

எல்லோருக்கும் நன்றி, ஒரு வாரம் கழித்து வருகிறேன். தாத்தா, ஸ்டேஷனுக்கு மூன்று நாள் போய்விட்டோம். இரண்டாவது நாள் வண்டி வரவில்லை, அதற்கும் உட்கார்ந்திருந்தோம், பெரியவன் அந்தப் பல்பட்டையில் எத்தனை பல் என்று எண்ண ஆரம்பித்து, பிளாட்பாரத்துக்குத் திரும்பு என்று அங்கிருந்த ஊழியரிடம் திட்டு வாங்கினான். பருப்பு விஷயம் உண்மைதான் வெலிங்டன் அண்ணா, பத்து மாதம் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம்.

தேயிலைத் தங்கச்சி, நீங்கள் சொன்னதில் முதலில் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். அப்புறம் "போர்" என்றதும் காதில் வாங்காமல் இருந்து பார்த்தேன். அரை மணி இல்லை, ஒன்றேகால் மணி ஆனது, நடுவில் ஒரு சண்டை, ஒரு கடி. ஆனால் இரண்டும் சேர்ந்து அட்டைப்பெட்டியில் பதினாலு குழி வெட்டியிருக்கிறார்கள், ஒரு பக்கம் எட்டு, இன்னொரு பக்கம் ஆறு, அது தப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பிளம்ஸ் கொட்டை இதுவரை 58 சேர்ந்திருக்கிறது. நேற்று மட்டும் சின்னவள் ஒன்பது தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மீதி 12க்கு என்ன செய்வது என்று பேச்சு நடக்கிறது, சனிக்கிழமை நாத்தனார் குடும்பம் வருகிறது, ஆளுக்கு மூன்று கொடுத்துக் கொட்டையைத் திருப்பி வாங்கிவிடலாம் என்கிறான் பெரியவன்.